தாள், ஸ்கெட்ச் பேனா, ஸ்டாப்வாட்ச்: கவனத்தை வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

கல்லூரியில் உளவியல் பிராக்டிக்கல் வகுப்பு எடுக்கிறவள் நான். எங்கள் லேபில் கண்ணாடி அலமாரிக்குள் படத்தைக் கண நேரம் மட்டும் காட்டும் டாகிஸ்டோஸ்கோப் இருக்கிறது, சொற்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டும் மெமரி டிரம் இருக்கிறது, சம நீளக் கோடுகளை வேறு வேறு நீளமாகத் தோன்றவைக்கும் முல்லர்-லையர் பலகை இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் அவற்றைப் பயபக்தியோடு எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் பார்வையையும் கவனத்தையும் பற்றிய முக்கியமான சோதனைகளில் பலவற்றை அந்த அலமாரியைத் திறக்காமலேயே செய்துவிடலாம். கோடு போடாத சில தாள்கள், நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. ஸ்கேல், ஒரு சீட்டுக்கட்டு. இவை போதும். இதைப் பள்ளி ஆசிரியர்களையும், விடுமுறையில் பிள்ளைகளோடு உட்காரும் பெற்றோரையும், உளவியலில் சேரலாமா என்று யோசிக்கும் பிளஸ் டூ மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்த மாதிரி விஷயங்கள் வாட்ஸ்அப்பில் தினமும் சுற்றுகின்றன. 'படத்தில் ஒளிந்திருக்கும் பூனையைக் கண்டுபிடியுங்கள்' என்கிற ரகம். 'அட!' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அந்த 'அட' எனக்கும் பிடிக்கும். வகுப்பைத் தொடங்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. அதோடு நிறுத்தினால் அது வித்தை. இரண்டு நிலைமைகளை எடுத்து, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் மாறாமல் பிடித்து வைத்து, இரண்டையும் அளந்து ஒப்பிட்டால்தான் அது சோதனை. கீழே வரும் ஒவ்வொன்றிலும் எது மாறுகிறது என்பதைத் தேடிக்கொண்டே படியுங்கள்.

முதலில் கண்

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, திரும்ப இடது கண்ணை. உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், 'நல்லா அசையுதே' என்பார். இப்போது போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து அதையே செய்யுங்கள். இதில் கண் அசைவது தெரிந்துவிடும்! கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது வரும் கலங்கலான காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடியில் பிம்பம் அதே கணத்தில் நகர்வதால் அதுவும் சேர்ந்து அமுங்கிப்போகிறது. கேமரா படத்தைத் திரைக்குக் கொண்டுவரக் கொஞ்சம் தாமதமாகிறது. அதற்குள் உங்கள் கண் தாவி முடித்து நின்றுவிடுகிறது. கண்ணாடி முன் இப்படி நடப்பதை ரேமண்ட் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900ஆம் ஆண்டுவாக்கிலேயே எழுதிவிட்டார். செல்ஃபி கேமரா நமக்குக் கிடைத்த கூடுதல் வசதி.

அடுத்தது சீட்டுக்கட்டு. சார்ட் தாளில் பெரிய அரைவட்டம் வரைந்து, பாகைமானியால் 10 டிகிரிக்கு ஒரு கோடு போட்டு மேஜையில் விரியுங்கள். பார்ப்பவரின் முகம் அரைவட்டத்தின் மையத்தில் இருக்க வேண்டும். நேர் எதிரே 0 டிகிரியில் ஒரு பென்சிலை நிறுத்தி, அதன் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கட்டைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்து, 90 டிகிரியிலிருந்து வளைவை ஒட்டி மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். ஏதோ அசைகிறது என்று தெரிந்ததும் சொல்ல வேண்டும். அப்புறம் சிவப்பா கருப்பா என்று சொல்ல வேண்டும். கடைசியாக என்ன எண் என்று சொல்ல வேண்டும். மூன்று டிகிரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அசைவு வெகு சீக்கிரம் தெரிந்துவிடும். எண் தெரிய, சீட்டு பென்சிலுக்குப் பக்கத்திலேயே வந்தாக வேண்டும். கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த அகலம் கண்ணுக்குச் சுமார் 2 டிகிரி. விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதியான ஃபோவியா சமாளிக்கும் இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அறை முழுவதும் பளிச்சென்று தெரிகிறது என்ற நம் நினைப்பு, கண் ஓயாமல் தாவித் தாவிப் பார்ப்பதால் வருகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. நிறம் சொல்வதில் இரண்டே பதில்கள்தான். குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும். எனவே ஒரு சீட்டு சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கோணத்திலும் பல சீட்டுகளை வைத்துப் பார்த்து, பாதிக்கும் வெகுவாக மேலே போகிறதா என்று பாருங்கள்.

குருட்டுப்புள்ளியை வரைபடமாக்குவது

இது எல்லாரும் பள்ளியில் ஒரு தடவை செய்திருப்பது. ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் 1 செ.மீ. அகலத்தில் ஒரு கருப்பு வட்டம். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் சுமார் 30 செ.மீ. தூரத்தில் வட்டம் காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது; அதுதான் குருட்டுப்புள்ளி. பிரான்ஸின் எட்மே மரியோட் 1660களில் இதைக் கண்டறிந்தார்.

பள்ளியில் அதோடு விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் தாடையை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்துங்கள். சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, கண்ணிலிருந்து அதன் தூரத்தைச் சரியாக 40 செ.மீ. என்று வையுங்கள். கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உதவிக்கு இருப்பவர் சிவப்புப் பேனா நுனியை வலப்பக்கம் மெல்ல நகர்த்தட்டும். நுனி மறையும்போது 'இப்போ' என்று சொல்லுங்கள், அவர் ஒரு புள்ளி வைப்பார். திரும்பத் தெரியும்போது இன்னொரு புள்ளி. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், குறுக்கே என்று எட்டுத் திசையிலும் செய்து புள்ளிகளை இணைத்தால் முட்டை வடிவத்தில் ஒரு திட்டு வரும். அகலத்தைவிட உயரம் அதிகம். கோணம் வேண்டுமென்றால், கூட்டல் குறியிலிருந்து திட்டின் நடுவுக்கு உள்ள தூரத்தை 40ஆல் வகுத்து, போனில் உள்ள கால்குலேட்டரில் டான் இன்வர்ஸ் (tan⁻¹) எடுங்கள். சுமார் 15 டிகிரி வரும். அகலம் 5, 6 டிகிரி. கையை நீட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஓர் ஓட்டை நம் பார்வையில் எப்போதும் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் முதல் தாளில் வரைந்த கருப்பு வட்டத்தின் வழியாக இடமிருந்து வலமாக ஒரு தடித்த கோடு வரையுங்கள். வட்டம் மறையும்போது கோடு அறுந்து தெரிகிறதா, தொடர்ச்சியாகத் தெரிகிறதா? தொடர்ச்சியாகத்தான் தெரியும். வெள்ளைத் தாளுக்குப் பதில் கட்டம் போட்ட துணியை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தைக் கட்டங்களே மூடிவிடும். மூளை இப்படி நிரப்புவதைப் பற்றி 1990களில் விரிவாக ஆராய்ந்தவர்களில் வி. எஸ். ராமச்சந்திரன் முக்கியமானவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர் அவர். ஒரு தாளும் ஒரு கண்ணும் வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய கேள்விகளை அவர் கேட்டார் என்பதை என் மாணவர்களுக்கு நான் மறக்காமல் சொல்வேன்.

ஸ்ட்ரூப் தாள்: தமிழில் செய்வது எப்படி

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் செய்த ஆய்வு 1935இல் வெளியானது. வண்ணச் சதுரங்களின் நிறத்தை வரிசையாகச் சொல்ல வேண்டும். இன்னொரு தாளில், வேறொரு நிறத்தின் பெயர் எழுதிய சொற்கள், அவற்றின் மை நிறத்தைச் சொல்ல வேண்டும். 100 சதுரங்களுக்குச் சராசரி 63.3 விநாடி. 100 சொற்களுக்கு 110.3 விநாடி. அதாவது 74 சதவீதம் கூடுதல். 'நீலம்' என்ற சொல் சிவப்பு மையில் இருந்தால், 'சிவப்பு' என்று சொல்ல வாய் வருவதற்குள் மனம் அதைப் படித்துத் தொலைத்துவிடுகிறது. படிக்காதே என்று நமக்கு நாமே உத்தரவு போட முடிவதில்லை.

இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத் தாள்கள். தமிழில் நீங்களே தயாரித்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் ஆகும். நிறங்கள் நாலு: சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு. மஞ்சள் வேண்டாம், வெள்ளைத் தாளில் கண்ணுக்கே எட்டாது. நாலு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தாத மூன்று நிறங்கள், ஆக 12 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் மூன்று தடவை வந்தால் 36. ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நிரப்புங்கள். இரண்டு விதிகள்: ஒரே நிறம் அடுத்தடுத்து வரக் கூடாது; ஒரு கட்டத்தில் எழுதிய சொல் அடுத்த கட்டத்தின் மை நிறமாகவும் வரக் கூடாது. இப்போதுதான் ஒதுக்கித் தள்ளிய சொல்லை உடனே பதிலாகச் சொல்ல வேண்டி வந்தால் கூடுதல் தாமதம் ஆகும். அது வேறொரு சமாச்சாரம், இதில் கலக்க வேண்டாம். இது 'ஆ' தாள்.

'அ' தாளில் சொற்களுக்குப் பதிலாக வண்ணச் சதுரங்கள். நிற வரிசை 'ஆ' தாளில் உள்ளது போலவே இருந்தால் மனப்பாடம் ஆகிவிடும். அதனால் வரிசையை மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு நிறமும் ஒன்பது தடவை வருவதை மாற்றாதீர்கள்.

சோதனை நடத்தும்போது ஆள் எதிரில் உட்காரட்டும். தாள் கவிழ்ந்திருக்கட்டும். 'மை என்ன நிறமோ அதை மட்டும், இடமிருந்து வலமாக, முடிந்தவரை வேகமாகச் சொல்லுங்கள். தப்பு வந்தால் திருத்திவிட்டு மேலே போங்கள்.' இதே வாக்கியத்தை எல்லாரிடமும் சொல்லுங்கள். ஒருவரிடம் 'வேகமாக' என்றும் இன்னொருவரிடம் 'நிதானமாக' என்றும் சொன்னால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். தாளைத் திருப்பும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள், கடைசிக் கட்டத்தைச் சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். திருத்தங்களுக்கும் தவறுகளுக்கும் தனியாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் எதிரில் இருப்பவரைக் கவனியுங்கள். முதல் வரி சுமாராக ஓடும். இரண்டாவது வரியில் விரல் தாளுக்கு வந்துவிடும், ஒவ்வொரு கட்டமாகத் தட்டும். 'நீ... இல்ல, பச்சை' என்று நாக்கு பாதியில் திரும்பும். குரல் ஏறும். சிலர் கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கப் பார்ப்பார்கள். அது எழுத்தைப் படிக்காமல் தப்பிக்கும் வழி, கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டாப்வாட்ச் சொல்வது ஒரே எண்தான். அந்த எண்ணுக்குள் என்ன நடந்தது என்பதை இப்படிப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். நல்ல ரெக்கார்டு நோட்டில் இதற்கு ஒரு பத்தி கட்டாயம் இருக்கும்.

வரிசை முக்கியம். எல்லாருக்கும் 'அ' முதலில், 'ஆ' பின்னால் என்று கொடுத்தால், பழகியதால் வேகம் வந்ததா, களைப்பால் வேகம் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. எனவே அ, ஆ, ஆ, அ என்று நாலு தடவை செய்யச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு ஆ, அ, அ, ஆ. பழக்கமும் களைப்பும் இரண்டு தாளுக்கும் சமமாகப் பங்காகிவிடும். உதாரணத்துக்கு ஒருவருக்கு 'அ' 22, 21 விநாடி, 'ஆ' 36, 34 விநாடி என்றால், சராசரி 21.5, 35. வித்தியாசம் 13.5 விநாடி. ஆளுக்கு ஆள் பேச்சு வேகம் மாறும். அதனால் நாம் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தை மட்டும்.

இதுவரை செய்ததில் ஒரு ஓட்டை இருக்கிறது, கூர்மையான பிள்ளை ஒருவர் கட்டாயம் கேட்பார்: 'மேடம், எந்த வார்த்தையா இருந்தாலும் லேட் ஆகுமே, நிறத்தோட பேருங்கறதாலதானா?' அருமையான கேள்வி. பதிலையும் தாளிலேயே தேடலாம். மூன்றாவது தாளில் கதவு, சட்டை, வண்டி, மேஜை என்று நிறத்துக்குச் சம்பந்தமில்லாத சொற்களை எழுதுங்கள். நாலாவதில் இலை, வானம், இரத்தம், கரி என்று நிறத்தை நினைவூட்டும் சொற்களைப் பொருந்தாத மையில் எழுதுங்கள். ஜார்ஜ் க்ளெய்ன் 1964இல் இப்படித்தான் படிப்படியாகச் செய்து பார்த்தார்: சொல்லின் பொருள் நிறத்துக்கு நெருங்க நெருங்கத் தாமதம் கூடியது. நாலு தாளையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், சலித்துப்போய்விடுவார்.

நம் ஊரில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஒரே தெருவில் தமிழ் வழியில் படிப்பவர், ஆங்கில வழியில் படித்துத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர், இரண்டையும் சரளமாகப் படிப்பவர் எல்லாரும் இருப்பார்கள். தமிழ்த் தாள் ஒன்று, ஆங்கிலத் தாள் ஒன்று தயார் செய்து இருவகையினரிடமும் கொடுத்துப் பாருங்கள். எந்த மொழியை நினைக்காமலே படிக்க முடிகிறதோ, அந்த மொழித் தாள்தான் அதிகமாகத் தடுக்கும். இன்னும் எழுத்தறியாத குழந்தைக்குத் தடையே இராது. இரண்டு மூன்று வருடம் பள்ளிக்குப் போய்ச் சரளமாகப் படிக்கத் தொடங்கியதும் தடை உச்சத்துக்குப் போகும். பதிலைத் தாளின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வையுங்கள். 'ரெட்டு, புளூ' என்று கலந்து சொன்னால் ஒப்பிட முடியாது.

ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. 'அ' தாளிலேயே அது தெரிந்துவிடும். வகுப்பு முன்னால் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். நேரத்தைக் குறிக்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, பிறகு தனியாகப் பேசுங்கள்.

தேடுவது

கூட்டத்தில் சிவப்புச் சட்டைக்காரரைத் தேடுவதும், சிவப்புச் சட்டையும் கருப்புத் தொப்பியும் சேர்ந்தவரைத் தேடுவதும் ஒன்றல்ல. ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலாடும் 1980இல் இதை அளந்து காட்டினார்கள். தேடும் பொருள் ஒரே ஒரு குணத்தால் வேறுபட்டால், சுற்றி எத்தனை இருந்தாலும் அது துள்ளிக்கொண்டு கண்ணில் படும். இரண்டு குணங்கள் சேர்ந்தால்தான் அது என்று வந்தால், ஒவ்வொன்றாகக் கவனத்தை நகர்த்த வேண்டும்; கூட்டம் பெருகப் பெருக நேரமும் ஏறும்.

செய்முறை: முதல் வகைக் கட்டங்களில் பச்சை வட்டங்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வட்டம். இரண்டாம் வகையில் சிவப்புப் பெருக்கல் குறிகளும் பச்சை வட்டங்களும் கலந்து கிடக்க, நடுவே ஒரு சிவப்பு வட்டம். இரண்டு வகையிலும் 5, 15, 30 குறிகள் உள்ள கட்டங்கள் வேண்டும். ஒரு கட்டத்தை மட்டும் ஸ்டாப்வாட்சால் அளந்தால் உங்கள் விரலின் தாமதம்தான் பதிவாகும், விஷயமே ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அதனால் ஒரே வகை, ஒரே எண்ணிக்கையில் 20 கட்டங்களை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றிலும் 'இருக்கு', 'இல்லை' என்று சொல்லிக்கொண்டே போக வைத்து, மொத்த நேரத்தை 20ஆல் வகுங்கள். பாதிக் கட்டங்களில் சிவப்பு வட்டம் இருக்கவே கூடாது. வரைபடத்தாளில் கிடைமட்டமாகக் குறிகளின் எண்ணிக்கை, செங்குத்தாக நேரம். ஒரு கோடு ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும், இன்னொன்று சாய்ந்து ஏறும்.

இதையே கொஞ்சம் மாற்றினால் நடைமுறைக்கு வந்துவிடும். 20இல் 10 கட்டங்களில் இருப்பதற்குப் பதில், ஏராளமான கட்டங்களில் ஓரிரண்டில் மட்டும் வைத்துப் பாருங்கள். ஜெரமி உல்ஃபும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருள் பாதித் தடவை இருந்தபோது 7 சதவீதம் தவறவிட்டார்கள். 100இல் ஒரு தடவை மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிட்டார்கள். விமான நிலையத்தில் பைகளின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருடைய வேலை எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

விழும் ஸ்கேல்

ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், பூஜ்யம் கீழே. மற்றவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பூஜ்யத்துக்கு இருபுறமும் தொடாமல் இருக்க வேண்டும். சொல்லாமல் விட வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீ. விழுந்தது என்பதை நேரமாக மாற்றலாம்: 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15க்கு 0.17, 20க்கு 0.20, 25க்கு 0.23, 30க்கு 0.25. முதல் சில தடவைகளைப் பழக்கம் என்று கழித்துவிட்டு, அடுத்த பத்தின் சராசரியை எடுங்கள். விடுகிறவர் ஒரே இடைவெளியில் விட்டால் பிடிப்பவர் ஊகித்துவிடுவார். எனவே 'ரெடி' சொன்னதற்கும் விடுவதற்கும் இடையிலான நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இப்போது அவரை 100இலிருந்து மும்மூன்றாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லி அதையே செய்யுங்கள். 100, 97, 94... விழும் தூரம் கூடும்; சிலரிடம் ஸ்கேல் முழுவதும் விழுந்து தரையில் கிடக்கும். அப்படி நழுவியவற்றைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள், 'நழுவியது' என்று தனியாக எண்ணுங்கள். கணக்குப் போடுவதில் கைக்கும் கண்ணுக்கும் வேலையே இல்லை, எண்ணுவது மனமும் வாயும் மட்டும். அதுவே இவ்வளவு இழுக்கிறது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டுவது போன்ற வேலையைக் கொடுத்து, போனில் பேசவைத்தார்கள். பேசியவர்கள் சிவப்பு விளக்கைத் தவறவிட்டது சுமார் இரண்டு மடங்கானது. கண்டபோதும் தாமதமாகத்தான் பிரேக் பொத்தானை அழுத்தினார்கள். போனைக் கையில் பிடித்தாலும் ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசினாலும் வித்தியாசமில்லை. ரேடியோ கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற பைக் 0.1 விநாடியில் 1.6 மீட்டருக்கு மேல் போய்விடும். காதில் இயர்போன் மாட்டிப் பேசிக்கொண்டே பைக் ஓட்டுகிற அண்ணனோ அப்பாவோ வீட்டில் இருந்தால், உபதேசம் வேண்டாம். அவரை உட்காரவைத்து ஸ்கேலை விடுங்கள். கணக்குப் போடும்போது எத்தனை செ.மீ. கூடியது என்று அவரையே எழுதச் சொல்லுங்கள்.

குடை பிடித்த பெண்

பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணும்போது கொரில்லா வேடம் போட்டவர் நடந்துபோவது தெரியாமல் போகும் வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரிஸ் இருவரும் ஹார்வர்டில் செய்து 1999இல் வெளியிட்டது. பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. இன்று வகுப்பில் அதைப் போட்டால் 'மேடம், கொரில்லா!' என்று முதல் பெஞ்சிலிருந்தே குரல் வரும். அதனால் புதிதாக எடுங்கள். அவர்களுக்கும் முன்னோடி உல்ரிக் நைசர். 1970களில் அவர் பந்தாட்டத்துக்கு நடுவே குடை பிடித்த ஒரு பெண்ணை நடக்கவைத்தார். குடை நம் வீட்டிலேயே இருக்கிறது.

மூன்று பேர் வெள்ளைச் சட்டை, மூன்று பேர் கருப்புச் சட்டை. ஒவ்வோர் அணியும் தனித்தனியாக ஒரு பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கட்டும். போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு நிமிடத்துக்கு மேல் எடுங்கள். நடுவில் கருப்பு உடை, கருப்புக் குடையோடு ஒருவர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சாவகாசமாக நடந்து போகட்டும்.

காட்டும்போது வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு வெள்ளைச் சட்டைக்காரர்களின் தட்டல்களை எண்ண வேண்டும், இன்னொன்று கருப்புச் சட்டைக்காரர்களுடையதை. மூன்றாவது குழு சும்மா பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது குழு இல்லையென்றால், வீடியோ தெளிவில்லாததால் குடை தெரியாமல் போயிருக்கலாம் என்று யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. மூன்று குழுவும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது, சிரிப்புச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

முடிந்ததும் கேள்விகளை எழுத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். எத்தனை தட்டல்? வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்ததா? விளையாடியவர்களைத் தவிர வேறு யாராவது வந்தார்களா? குடையோடு ஒருவர் வந்தாரா? கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் எல்லாரும் 'ஆமா, பார்த்தேன்' என்பார்கள். ஒரு விடையை எழுதி முடித்த பிறகே அடுத்த கேள்வி. 1999 ஆய்வில், கொரில்லா கருப்பு என்பதால், கருப்பு அணியை எண்ணியவர்கள் அதை அதிகமாகக் கண்டார்கள். வெள்ளை அணியை எண்ணியவர்கள் அதிகமாகத் தவறவிட்டார்கள். எந்த நிறத்துக்கு மனதைத் திறந்து வைத்திருக்கிறோமோ அந்த நிறம் உள்ளே வருகிறது. உங்கள் வீடியோவிலும் அப்படி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வெள்ளை உடை, வெள்ளைக் குடையோடு இன்னொரு வீடியோ எடுத்து வேறு வகுப்பில் காட்டுங்கள், தலைகீழாக மாற வேண்டும்.

தவறவிட்டவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்போது நான், ட்ராஃப்டன் ட்ரூவும் ஜெரமி உல்ஃபும் மெலிஸா வோவும் 2013இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகியிருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் பார்க்கவில்லை. அந்த 20 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கண் நேராக அந்த இடத்திலேயே பதிந்திருந்ததைக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி காட்டியது. வாழ்நாளெல்லாம் படம் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

செய்யக் கூடாதவை

வலிப்பு நோய் உள்ளவர்களிடம் மினுக்கி மினுக்கிக் காட்டும் படங்களை வைத்து எதுவும் செய்யாதீர்கள். படம் மாறுவதைக் கண்டுபிடிக்கும் செயலிகள் பல அப்படி மினுக்குபவை.

தெருவில் போகிறவரிடம் செய்யாதீர்கள். வழி கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவே ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு போய், வழி கேட்ட ஆளையே மாற்றிவிடும் சோதனையை சைமன்ஸும் டேனியல் லெவினும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் செய்தார்கள். 1998இல் வெளியான அதில் 15 பேரில் 7 பேர்தான் மாற்றத்தைக் கவனித்தார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்தில் முறையான அனுமதி உண்டு. நமக்கு அது இல்லை. சம்மதம் கேளுங்கள், நடுவில் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள், முடிந்ததும் எதைப் பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் விளக்குங்கள்.

முக்கியமாக, இந்த எண்களை வைத்து எந்தக் குழந்தையையும் எடை போடாதீர்கள். ஸ்ட்ரூப் தாளில் நேரம் அதிகமானால் 'கவனக் குறைபாடு இருக்குமோ' என்று பெற்றோர் கலங்கிப்போய்க் கேட்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி முடிவு சொல்ல இந்தத் தாளால் முடியாது. அன்றைக்குத் தூக்கம் போதாமல் இருந்திருக்கலாம், சோதனை நடத்தியவரைப் பார்த்துப் பயந்திருக்கலாம், தமிழை மற்றவர்களைவிட நன்றாகப் படிப்பதே தடையைக் கூட்டியிருக்கலாம். குழந்தையைப் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அழைத்துப் போங்கள். 'கவனத்தைக் கூட்டுகிறோம்' என்று நோட்டீஸ் அடித்துப் பணம் வாங்கும் இடங்களில், எதோடு ஒப்பிட்டுக் கூடியது என்று கேளுங்கள்.

எழுதி வைப்பது

ஒருவருக்கு ஒரு வரி. பெயருக்குப் பதில் எண், வயது, எந்த வழியில் படித்தவர், தாள்களைக் கொடுத்த வரிசை, ஒவ்வொரு தடவையும் ஆன நேரம், தவறுகள், நீங்கள் கவனித்தது. எண்களை உடனுக்குடன் பேனாவால் எழுதுங்கள்; பென்சிலில் எழுதினால் பிறகு அழகுபடுத்தத் தோன்றும். பிராக்டிக்கல் பரீட்சைக்கு முந்தைய இரவு, புத்தகத்தில் உள்ளபடி வரவேண்டுமென்று எண்களை இட்டு நிரப்பும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். எதிர்மாறாக வந்த எண்ணுக்கு மாணவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது என்று நான் ஒவ்வோர் ஆண்டும் தேர்வாளர்களிடம் சொல்கிறேன்.

வகுப்பில் செய்தால் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, 'அ' நேரத்தை இடக் கோட்டிலும் 'ஆ' நேரத்தை வலக் கோட்டிலும் ஒவ்வொருவரும் தாங்களே வந்து புள்ளி வைத்து இணைக்கட்டும். பெரும்பாலான கோடுகள் மேலே ஏறும். கீழே இறங்கும் கோடு ஒன்றிரண்டு வந்தால் அழிக்காதீர்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு என்ன செய்தாய் என்று கேளுங்கள்: கண்ணைச் சுருக்கியிருப்பார், அல்லது தமிழ் எழுத்து இன்னும் தடுமாறும், அல்லது எனக்கும் உங்களுக்கும் தோன்றாத ஏதோ ஒன்றைச் சொல்வார். அந்தப் பதிலையும் அவருடைய வரியிலேயே எழுதிவிட்டு, அடுத்த வாரம் புதுத் தாளோடு அவரிடம் இன்னொரு தடவை செய்து பாருங்கள்.